மலை ஸ்டேஷனில் வந்த சேதி

1

இந்த மாதத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. பத்து வருஷ அனுபவத்தை நம் பத்திரிகைக்கு எழுதிக் கொடு, ஊர்க்காரர்கள் ஆசையாகப் படிப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பனியில் சறுக்கி விழுந்தது, முருங்கைக்காய்க்காக நூறு மைல் கார் ஓட்டியது என்று சிரிக்கச் சிரிக்க எழுதலாம் என்றுதான் நினைத்து வைத்திருந்தேன். நேற்று சனிக்கிழமை நடந்தது அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகையால் இதில் பயம்தான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ராஜபாளையத்துக்காரன். பெயர் சாமுவேல், இங்கே எல்லோருக்கும் சாம். எண்பதுகளின் நடுவில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க வந்தவன், இப்போது பென்சில்வேனியாவில் ஒரு கம்பள மில்லில் வேலை பார்க்கிறேன். மனைவி கிரேஸ், மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவள், ஆஸ்பத்திரி லேபில் வேலை. மகள் ப்ரிசிக்குப் பதினைந்து வயது. வரும்போது அவளுக்கு ஐந்து. ராஜபாளையம் அவளுக்கு ஒரு வெயிலும் ஒரு கொசுவலையும்தான்.

சனிக்கிழமைகளில் நான் கரி அள்ளுகிறேன். சிரிக்காதீர்கள், இங்கே உள்ள தமிழர்கள் சிரித்தது போதும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு மலை ரயில்பாதையை நாலு பேர் சேர்ந்து வாங்கி, மூன்று பழைய கரி எஞ்சின்களைத் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, விடுமுறை நாட்களில் ஓட்டுகிறார்கள். பிள்ளைகுட்டிகளோடு ஜனம் டிக்கெட் வாங்கி ஏறி, மலை உச்சி வரை போய்த் திரும்புகிறது. வேலை செய்கிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பல் டாக்டர் டிக்கெட் கிழிப்பார், பள்ளிக்கூட வாத்தியார் பிரேக் பிடிப்பார். நான் ஃபயர்மேன், எஞ்சின் நெருப்புக்குக் கரி போடுகிறவன். "ஏம்ப்பா, இதுக்கா எம்.எஸ். படிச்ச?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு பாய்லர் என்றால் பயம். பயப்படுகிறவன் ஏன் அதன் வாயருகே போய் நிற்கிறான் என்று கிரேஸ் கேட்பாள். தள்ளி நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது, அதுதான் காரணம்.

2

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு பிளீச்சிங் பேக்டரி. பேண்டேஜ் துணியை வேகவைத்து வெளுக்கிற இடம். என் அப்பா ஞானமுத்து அங்கே பாய்லர் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர், இந்தப் பக்கம் நாங்கள். அம்மா இருந்தவரை அந்தச் சுவரில் சாய்ந்து உட்காரக்கூட எங்களை விட்டதில்லை.

"ஏட்டி எஸ்தரு, அந்தச் செவுத்துப் பக்கம் போவாதன்னு எம்புட்டு மட்டம் சொல்லுதேன்? வெடிச்சா மொத நம்ம வீடுதான் போவும்" என்று அக்காவின் சடையைப் பிடித்து இழுப்பாள். அடுப்பை மூட்டும்போதும் காதை அந்தப் பக்கமே வைத்திருப்பாள்.

சில நாள் பாய்லரில் நீராவி மிஞ்சி, தலையிலுள்ள வால்வு தானாகத் திறந்துகொள்ளும். தெருவே அதிருகிற மாதிரி ஒரு சீற்றம். நானும் அக்காவும் தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம். அப்பா சாப்பிட வந்ததும் அம்மா பிடித்துக்கொள்வாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பார்.

"அது சத்தம் போட்டா நல்லதுட்டி. மிஞ்சுனத வெளிய விட்டுருது. தண்ணி எறங்குனா சத்தமே போடாது. அப்பத்தான் நீ ஓடணும்."

இதைக் கேட்டபிறகு எனக்குச் சத்தமில்லாத நேரத்திலும் பயம் வந்துவிட்டது. எவ்வளவு நல்ல ஆறுதல் பாருங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீடு. பஸ் இருக்கவே இருக்கிறது, ஆனால் அப்பா எங்களை ரயிலில்தான் கூட்டிப் போவார். அப்போது அந்தப் பாதையில் கரி எஞ்சின்தான். கண்ணில் தூசி விழுந்து அம்மா முந்தானையால் ஒற்றிக்கொண்டே வருவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் அப்பா எங்களை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்த்து நடப்பார். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட, டிரைவர் நிற்கிற இடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"அண்ணாச்சி, தண்ணி எங்க நிக்கி?"

"முக்காக் கிளாஸ் நிக்கி. ஏறிப் பாக்கியளா?" என்றார் ஒருநாள் ஒரு டிரைவர்.

அப்பா என்னையும் தூக்கி மேலே விட்டார். முன்னால் நெருப்பு வாய் திறந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் கீழே எங்கோ புஸ்ஸென்று நீராவி விட, நான் டவுசரை நனைத்துவிட்டேன். டிரைவர் குனிந்து பார்த்தார். அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "குழாய்த் தண்ணி பய மேல தெறிச்சிட்டு" என்றார். அத்தை வீடு வரை தோளில் தூக்கிக்கொண்டு போனார், அவர் சட்டையும் நனைந்தது.

இப்போது அங்கே கரி எஞ்சின் கிடையாதாம். அக்கா போனில் சொன்னாள்.

3

எங்கள் பெரிய எஞ்சின் என் அப்பாவைவிட மூத்தது. வேறொரு மாநிலத்தில் செய்யப்பட்டு, எங்கெங்கோ சுரங்கங்களில் உழைத்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. அதுவும் வந்தேறிதான். போன வருஷம் அதன் பாய்லரைப் பிரித்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, இன்ஸ்பெக்டர் வந்து திருப்தியாகி, ஓடலாம் என்று காகிதம் கொடுத்துவிட்டார். வண்டி புறப்படுகிற அடிவாரத்து டிப்போவில் கேக் வெட்டிக் கொண்டாடினோம். நானும் கைதட்டினேன். வயிறு எரிந்துகொண்டே கைதட்டினேன். பழைய இரும்புக்குக் கிடைத்த காகிதம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கிறோம். காத்திருக்கிற காலத்தில் ஊருக்குப் போய்வர வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு முன்அனுமதி வாங்க வேண்டும். அதை வாங்காமல் விமானம் ஏறினால், "இவனுக்கு இந்த நாடு வேண்டாம் போலிருக்கிறது" என்று அவர்களாகவே முடிவுகட்டி விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். என்னுடையது விழுந்தால் அதைப் பிடித்துத் தொங்குகிற கிரேஸுடையதும் ப்ரிசியுடையதும் சேர்ந்து விழும். லாயர் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருக்கிறார். அனுமதிக்கும் எழுதித்தான் போட்டிருக்கிறோம். வரும், வரும் என்கிறார்கள். குடியேற்ற ஆபீஸின் பெயர் அச்சடித்த உறையைத் தபால்பெட்டியில் பார்த்தால் எனக்குப் பயம், காணாவிட்டாலும் பயம்.

இந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒருவாரமாக டெஸ்டுக்கு மேல் டெஸ்ட். புதன்கிழமை ஆபரேஷன். அக்காதான் கூட இருக்கிறாள். "நீ அங்கேயே இருலே, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சாப்பாட்டை இறங்கவிடவில்லை.

வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நேற்று காலை கிரேஸ்தான் துரத்தினாள். "போய் உங்க எஞ்சினையே கட்டிட்டு அழுங்க. போன் வந்தா ப்ரிசி எடுப்பா." அவளும் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். சின்னவளாக இருக்கும்போது ப்ரிசி என்னோடு டிப்போவுக்கு வந்து எண்ணெய்த் துணியோடு திரிவாள். இப்போது வருவதில்லை. கரி நாற்றம் தலைமுடியில் தங்குகிறதாம்.

4

முதல் டிரிப். டிரைவர் வால்ட், பேச்சு குறைந்த மனிதர். மலை ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. உச்சியில் ஒரு சின்ன ஸ்டேஷன், சுற்றிலும் காடு, போன் கிடையாது, டிப்போவோடு பேச ஒரு ரேடியோ மட்டும் உண்டு. அங்கே எஞ்சினைத் திருப்பி மாட்டுவோம். அந்த இடைவெளியில் ஃபயர்மேன் பாய்லரில் தண்ணீரை ஏற்றி வைக்க வேண்டும். இறக்கத்தில் தண்ணீரெல்லாம் முன்பக்கம் ஓடிவிடும். நெருப்பு இருப்பது பின்பக்கம். நெருப்புக்கு மேலே உள்ள தகட்டில் தண்ணீர் இல்லாமல் போனால் தகடு பழுத்து இளகும். அப்புறம் பாய்லர் வெடிக்கும்.

அதற்காகத்தான் கீழே இறங்கி வால்வுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"சாம், உன் மகள் டிப்போவுக்குப் போன் செய்தாளாம். யுவர் டாட் பாஸ்டு" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! ஒருவாரமாக டெஸ்ட், டெஸ்ட் என்று இவர்கள் எல்லோரிடமும் புலம்பியிருந்தேன். அப்பா பாஸ்!

"எல்லா டெஸ்டிலுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என் தோளைப் பிடித்தார். பத்து வருஷத்தில் இந்த ஊரில் என் வீட்டுச் சாவு எதுவும் நடக்கவில்லை. நான் படித்த இங்கிலீஷில் ஆள் செத்தால் 'அவே' என்று ஒரு வாலும் சேர்ந்து வரும். வாலில்லாமலும் சொல்வார்கள் என்று அந்த மனிதரின் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. புதன்கிழமை என்றார்களே, இன்று சனிக்கிழமைதானே என்று மனசு முட்டாள்தனமாகக் கணக்குப் போட்டது. யார் கொள்ளி வைப்பது என்ற கேள்வி எங்கள் சபையில் இல்லை, ஆனால் குழிக்குள் முதல் பிடி மண்ணை மகன்தான் போடவேண்டும். அந்த மண்ணைப் போட எனக்கு ஒரு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் பெரியவர். நான் வேண்டாம் என்றேன். நான் போய்விட்டால் கரி அள்ள ஆளில்லை, வண்டி நிறையப் பிள்ளைகள். அது வெளியே சொன்ன காரணம். கீழே போனால் போன் இருக்கும், போனை எடுத்தால் அக்கா அழுவாள். எவ்வளவு தாமதமாக அதைக் கேட்க முடியுமோ அவ்வளவு தாமதமாகக் கேட்கவேண்டும் என்றிருந்தது.

5

வண்டி இறங்கத் தொடங்கியது. நான் கரி போட்டேன், கதவை மூடினேன், மறுபடி திறந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சாம்! தண்ணி!"

வால்டின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் அடியில் ஒரு விரற்கடை ஆடியது. ஆடி, காணாமல் போனது. மறுபடி எட்டிப் பார்த்தது. உச்சியில் நான் தண்ணீர் ஏற்றவே இல்லை.

பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ள இன்ஜெக்டர் என்று ஒன்று உண்டு. முதலில் தண்ணீரைத் திறக்கவேண்டும், பிறகு நீராவியை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். நேற்று கை மாற்றித் திறந்தது. வெறும் ஆவி வெளியே பீய்ச்சியடித்தது, உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. பின்னால் பெட்டிகளில் பிள்ளைகள் கும்மாளமிடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பாய்லரின் தலை வால்விலிருந்து மட்டும் சத்தமே இல்லை, அப்பா சொன்ன மாதிரியே. ஆண்டவரே, இன்னொரு வீட்டுக்கும் இன்று சேதி போகவேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன், தமிழில்.

வால்ட் பிரேக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தார். ஒரே எட்டில் என் பக்கம் வந்து, என் கையை விலக்காமல், அதன்மேல் தன் கையை வைத்தார். இரண்டையும் மூடவைத்தார். தண்ணீரைத் திறந்தோம். நீராவியைத் திறந்தோம். இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டு ஒரு சீரான இரைச்சலோடு ஓடத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் மெல்ல ஏறி நின்றது. வால்ட் தன் இடத்துக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை. டிப்போ வரும்வரை நான் அந்தக் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

6

டிப்போவில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளை விலக்கிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். ப்ரிசி தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அத்தை என்னம்மா சொன்னா? அழுதாளா?"

"இல்லப்பா. கத்தினாங்க. லைன் சரியில்ல. 'தாத்தா செத்த நேரம்'னு சொன்னாங்க. டைம் ஆஃப் டெத். அது என்ன நேரம்னு கேக்கறதுக்குள்ள கட் ஆயிடுச்சுப்பா."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கலை. செத்த நேரம், அது மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அட என் ராசாத்தி! நம் பக்கத்தில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் புழங்குவது கிரேஸின் மெட்ராஸ் தமிழ். அங்கே எல்லாம் கொஞ்ச நேரம்தான். ப்ரிசிக்குத் தெரிந்த 'செத்த' எலிக்கும் கரப்பானுக்கும் வருகிற ஒன்றுதான். செத்த நேரம் கழித்து என்னவோ என்று அக்கா கத்தியிருக்கிறாள், பிள்ளை மரணக்குறிப்பு எழுதிவிட்டாள்.

"ஹி டிட் நாட் பாஸ்!" என்று கத்தினேன். டிக்கெட் அம்மாளுக்கு நான் துக்கத்தில் கலங்கிப்போனேனோ என்று பயம். வால்ட் மட்டும் புரிந்துகொண்டு கையைத் தூக்கினார்.

ஆனால் கார் ஓட்டும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. இது என் யூகம்தானே? அக்கா உண்மையிலேயே அந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தால்? சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் இரண்டு அர்த்தத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டு வாசலில் கிரேஸின் கார் நின்றது. ப்ரிசி அவளுக்கும் சேதி சொல்லியிருக்கிறாள், பாதி ஷிப்டில் ஓடிவந்திருக்கிறாள். மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றோம். அடித்ததும் எடுத்தேன்.

"ஏலே சாமுவேலு, எங்க போய்ட்ட? அப்பமே பிடிச்சு எஸ்தரு சுத்துதா, லைனே கெடைக்கல."

அப்பா. ஆஸ்பத்திரி எதிரிலுள்ள பூத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார், என்னோடு பேசியே ஆகவேண்டுமென்று அடம்பிடித்து. நடந்ததைச் சொன்னேன். சிரித்துத் தள்ளிவிட்டார். "சிரிக்க வைக்காதலே, வயிறு வலிக்கி. உன் மவ என்னைய அம்புட்டு சீக்கிரம் அனுப்பி வச்சிட்டாளா!" பக்கத்தில் அக்காவும் சிரிப்பது கேட்டது. பிறகு அவர் நிறுத்திக்கொண்டார்.

"ஏலே."

"சொல்லுங்கப்பா."

"புதங்கெழம மயக்க மருந்து குடுப்பாவளாம். முழிப்பு வந்துருமான்னு டாக்டர்ட்ட கேட்டேன். வரும் வரும்ங்காரு. எம் மொகத்தப் பாத்துச் சொல்ல மாட்டேங்காரு." மூச்சு வாங்கினார். "எனக்குப் பயமா இருக்குலே."

என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

"அந்தக் காயிதம் இன்னும் வரலன்னு எஸ்தரு சொன்னா. வரலன்னா விடு. யார்ட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"வாரேன்ப்பா" என்றேன்.

"சரிலே. வச்சிரு."

நம் ஊரில் கிளம்பும்போதும் வாரேன்தானே சொல்வோம்! அவர் அப்படி எடுத்துக்கொண்டார். ரிசீவரைக் கீழே வைக்கப்போகிற சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"வைக்கலப்பா! வைக்காதீய! நான் வாரேன். அங்க வாரேன். நாளைக்கு பிளேன் ஏறுதேன்."

அக்காதான் போனை வாங்கி, "என்னலே சொன்ன? அவிய ஏன் அழுதாவ?" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கிரேஸ் கைப்பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள்.

"லாயர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"என்னுதும் இவளுதும் அதுலதான் இருக்கு."

"தெரியும் கிரேஸ்."

கைப்பையை இறக்கி வைத்தாள். பிறகு, "சின்னப் பெட்டி போதுமா, பெருசை எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ப்ரிசி அழுது வீங்கிய முகத்தோடு என் கரிச்சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனா, உங்களைத் திரும்ப உள்ள விடுவாங்களாப்பா?"

எனக்குத் தெரியாது. "வாரேம்மா" என்றேன்.